வன்தட்டு ஏன் காணாமற் போனது? – லினக்ஸ் கணினியில் யூ.எஸ்.பி. அட்டையின் பழுது தேடிய கதை



பழைய கசெற்றுகளைக் கணினியில் ஏற்றிப் பாதுகாப்பது எப்படி என்று சில மாதங்களுக்கு முன் கணினிப் பேச்சில் சொல்லியிருந்தேன். அதைக் கேட்ட நேயர்கள் பலர் தங்கள் வீட்டு அலுமாரிகளில் கிடந்த கசெற்றுகளை நிலையத்துக்குக் கொண்டுவந்து தந்தீர்கள். நன்றி. அந்த வேலையின் நடுவில் எங்கள் கணினி எனக்கு ஒரு பாடம் படிப்பித்தது. அதைத்தான் இந்த மாதம் எழுதுகிறேன். வானொலியில் பத்து நிமிடத்துக்குள் சொல்லி முடிக்க முடியாமற் போன விபரங்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

கணினி பற்றி அதிகம் தெரியாதவர்களும் வாசிக்கலாம். கட்டளைகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பழுது ஒன்றை எந்த ஒழுங்கில் தேடுவது என்பதுதான் முக்கியம்.

நடந்தது என்ன?

எங்கள் பின்னறையில் இருக்கும் கணினி நன்கொடையாக வந்த பழைய கணினி. அதில் லினக்ஸ் போட்டுப் பாவிக்கிறோம். தாய்ப்பலகையில் இருந்தவை எல்லாம் பழைய யூ.எஸ்.பி. 2.0 துளைகள். வெளி வன்தட்டுக்குப் பெரிய கோப்புகளை அனுப்ப அது மிகவும் மெதுவு. ஆகவே நான்கு துளைகள் உள்ள யூ.எஸ்.பி. 3.0 விரிவாக்க அட்டை ஒன்றை வாங்கி, பெட்டியைத் திறந்து நானே பூட்டினேன். மவுசைச் செருகினேன், வேலை செய்தது. பென் டிரைவைச் செருகினேன், அதுவும் வேலை செய்தது. எல்லாம் சரி என்று மூடியை இறுக்கிவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை எழுபது வயதைத் தாண்டிய நேயர் ஒருவர் தொண்ணூறு நிமிடக் கசெற் ஒன்றுடன் வந்தார். 1986 இல் யாழ்ப்பாணத்தில் இருந்து அவருடைய தகப்பனார் பேசி அனுப்பியது. அந்தக் காலத்தில் கடிதத்துக்குப் பதிலாகக் கசெற்றில் பேசி, வெளிநாடு போகிற யாரிடமாவது கொடுத்து அனுப்புவது நம் வீடுகளில் வழக்கம் அல்லவா?

"தம்பி, இது என்ர ஐயாவின்ர குரல். வேற ஒண்டும் என்னட்ட இல்லை. கவனமாப் பாருங்கோ" என்றார்.

"ஓம் அண்ணை, பயப்பிடாதேங்கோ" என்று சொல்லி வாங்கினேன்.

கசெற்றை ஓடவிட்டு, ஒலியை நேராகவே வெளி வன்தட்டில் பதியவிட்டேன். முப்பத்தோராவது நிமிடத்தில் பதிவு நின்றது. திரையில் வன்தட்டின் அடையாளம் இல்லை. வன்தட்டு கையில் சூடாக இருக்கிறது, விளக்கும் எரிகிறது, ஆனால் கணினிக்கு அது இல்லை.

அப்போது நான் ஒரு மடைத்தனம் செய்தேன். என்ன பழுது என்று பாராமல் நாடாவைப் பின்னால் சுற்றி, மறுபடி முதலில் இருந்து ஓடவிட்டேன். நாலாவது நிமிடத்தில் பிளேயர் நாடாவைக் கடித்துவிட்டது. நிறுத்தி எடுப்பதற்குள் ஏறக்குறைய இரண்டு நிமிட நீளம் கசங்கிப் போயிற்று. இப்போது அந்தப் பகுதி எங்காவது இருக்கிறது என்றால், காணாமற் போன அந்த வன்தட்டில் மட்டும்தான்.

அந்த வன்தட்டைக் கழற்றி, பெயர் எழுதி ஒட்டி, அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். பழுது பிடிபடும்வரை அதை எந்தத் துளையிலும் செருகுவதில்லை என்று முடிவு செய்தேன். சோதனைக்கு, அழிந்தாலும் கவலையில்லாத வேறொரு வன்தட்டை எடுத்தேன். நேயர்களே, முதற் பாடம் இதுதான். பெறுமதியான பொருளை வைத்துச் சோதனை செய்யாதீர்கள்.

கிணற்றில் இருந்து பாத்தி வரை

ஊரில் தோட்டம் செய்தவர்களுக்குத் தெரியும். பாத்திக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் பாத்தியைக் கொத்திக்கொண்டு நிற்க மாட்டோம். கிணற்றடியில் இருந்து வாய்க்கால் வழியே நடந்து பார்ப்போம். எந்த இடம் வரை தண்ணீர் வந்திருக்கிறது, எந்த இடத்தில் நின்றது என்று பார்த்தால் உடைப்பு அந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

இங்கேயும் அப்படி ஒரு வாய்க்கால் உண்டு. தாய்ப்பலகையில் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்ற செருகுவாய் இருக்கிறது. அதில் அட்டை இருக்கிறது. அட்டையில் யூ.எஸ்.பி.யை நடத்தும் சிப் ஒன்று இருக்கிறது. அந்தச் சிப்புடன் பேச லினக்ஸின் உட்கருவான கேர்னலில் ஒரு டிரைவர் இருக்கிறது. பிறகு துளை, கேபிள், வன்தட்டு. வன்தட்டு காணவில்லை என்ற ஒரே முறைப்பாட்டுக்கு இவற்றில் எதுவும் காரணமாகலாம்.

முதலில் சுலபமான இரண்டைத் தீர்த்துக்கொண்டேன். சோதனை வன்தட்டும் இதே அட்டையில் பாதி வழியில் காணாமற் போனது. அதே வன்தட்டும் அதே கேபிளும் என் வீட்டுக் கணினியில் மணிக்கணக்காக ஒழுங்காக வேலை செய்தன. ஆகவே வன்தட்டும் கேபிளும் குற்றவாளிகள் அல்ல. இனிக் கணினிப் பக்கம்தான் நடக்க வேண்டும்.

அட்டை கண்ணுக்குத் தெரிகிறதா?

லினக்ஸில் எல், எஸ், பி, சி, ஐ என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைச் சின்ன எழுத்தில் சேர்த்துத் தட்டினால், பி.சி.ஐ. வழியாக இணைந்துள்ள எல்லா உறுப்புகளையும் வரிசையாகக் காட்டும். அதில் உங்கள் யூ.எஸ்.பி. அட்டை இல்லையென்றால் பழுது மிகவும் கீழே இருக்கிறது. கணினியை நிறுத்தி, மின் வயரைக் கழற்றி, அட்டையை எடுத்து மறுபடி அழுத்திப் பூட்டுங்கள். வேறு செருகுவாயில் போட்டுப் பாருங்கள். பயொஸ் அமைப்பில் அந்தச் செருகுவாய் மூடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இவ்வளவுக்குப் பிறகும் தெரியாவிட்டால் அட்டையே செத்திருக்கலாம். டிரைவர் தேடி அலைவதில் பயனில்லை.

எங்கள் அட்டை பட்டியலில் இருந்தது. அதே கட்டளையுடன் ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் கே என்ற எழுத்தும் சேர்த்தால், எந்த டிரைவர் அதை நடத்துகிறது என்றும் காட்டும். யூ.எஸ்.பி. 3.0 அட்டை என்றால் அங்கே எக்ஸ்.எச்.சி.ஐ. என்ற பெயர் வரவேண்டும். பழைய 2.0 காலத்து அட்டைகளுக்கு ஈ.எச்.சி.ஐ. என்று வரும். எங்களுடையதில் எக்ஸ்.எச்.சி.ஐ. என்றே வந்தது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் தீர்த்துவிட வேண்டும். "லினக்ஸ் தானே, யூ.எஸ்.பி. அட்டைக்கு டிரைவர் இருக்காது" என்று பலர் சொல்வார்கள். உண்மை அதற்கு நேர்மாறு. யூ.எஸ்.பி. 3.0 விதிமுறை 2008 நவம்பரில் வெளிவந்தது. அதற்கான டிரைவரை அப்போது சாரா ஷார்ப் என்று அறியப்பட்ட பொறியியலாளர் எழுதினார். 2009 செப்டெம்பரில் வெளியான 2.6.31 கேர்னலிலேயே அது சேர்ந்துவிட்டது. யூ.எஸ்.பி. 3.0 ஐ முதலில் ஏற்றுக்கொண்ட இயங்குதளம் லினக்ஸ்தான். அட்டைப் பெட்டிக்குள் வருகிற குறுந்தட்டு விண்டோஸ்காரருக்கு. லினக்ஸ் பாவிப்பவர் அதைத் தேட வேண்டியதில்லை.

ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். ரெனெசாஸ் நிறுவனத்தின் 720201, 720202 என்ற சிப்புகள் உள்ள அட்டைகள் சிலவற்றில், சிப்புக்கு வேண்டிய உள் மென்பொருளைச் சேமித்து வைக்கும் நினைவகம் அட்டையில் இருக்காது. கணினி எழும்பும்போது அதைக் கணினியே சிப்புக்குள் ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றும் வசதி 2020 இல் வந்த 5.8 கேர்னலில் சேர்ந்தது. அட்டை பட்டியலில் தெரிந்தும் ஒரு துளையும் வேலை செய்யாவிட்டால் இதையும் நினைவில் வையுங்கள்.

எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது?

அடுத்த கட்டளை எல், எஸ், யூ, எஸ், பி. இதனுடன் சிறு கோடும் டி என்ற எழுத்தும் சேர்த்தால் மரத்தின் கிளைகளைப் போல வரைந்து காட்டும். யூ.எஸ்.பி. 3.0 அட்டை ஒன்று அங்கே இரண்டு வேர்களாகத் தெரியும். ஒன்றில் 480 என்றும் மற்றதில் 5000 என்றும் இருக்கும். இவை ஒரு செக்கனுக்கு எத்தனை மெகாபிட் என்ற கணக்கு. ஒரே அட்டை இரண்டாகத் தெரிவது பழுதல்ல. 2.0 கருவிகளுக்கு ஒன்று, 3.0 கருவிகளுக்கு ஒன்று.

3.0 வன்தட்டு 5000 என்ற கிளையில் இருக்க வேண்டும். 480 இல் இருந்தால் கேபிளையோ செருகியையோ சந்தேகியுங்கள். பழைய செருகியில் நான்கு தொடுமுனைகள். 3.0 செருகியில் அவற்றுடன் மேலும் ஐந்து. அந்த ஐந்தும் சரியாகத் தொடாவிட்டால் கருவி சத்தமில்லாமல் 2.0 ஆக இறங்கி வேலை செய்யும். மிக மெதுவாகச் செருகினாலும் சில நேரம் இப்படி நடக்கும். கழற்றி ஒரே மூச்சில் செருகிப் பாருங்கள்.

எங்கள் சோதனை வன்தட்டு 5000 இல்தான் இருந்தது. அட்டை வரை தண்ணீர் வருகிறது. துளை வரையும் வருகிறது. பிறகு ஏன் இடையில் நிற்கிறது?

கேர்னலின் நாட்குறிப்பு

லினக்ஸில் எனக்குப் பிடித்த விடயம் இது. கேர்னல் தனக்கு நடப்பதை எல்லாம் ஒரு நாட்குறிப்பில் எழுதிக்கொண்டே இருக்கும். டி, எம், இ, எஸ், ஜி என்ற கட்டளை அதைக் காட்டும். சிறு கோடும் டபிள்யூ என்ற எழுத்தும் சேர்த்தால் எழுத எழுதத் திரையில் ஓடும். சில கணினிகளில் இதற்கு நிர்வாகியின் அனுமதி வேண்டும்.

ஒரு சாளரத்தில் நாட்குறிப்பை ஓடவிட்டு, மற்றதில் பெரிய கோப்பு ஒன்றைச் சோதனை வன்தட்டுக்கு அனுப்பினேன். சில நிமிடங்களில் கருவியை மீளத் தொடக்குகிறேன் என்ற வரி வந்தது. பிறகு அதே வரி இன்னொரு தரம். பிறகு கழித்தல் 71 என்ற இலக்கம். கடைசியாகக் கருவி துண்டிக்கப்பட்டது என்று வந்தது.

இந்த இலக்கங்களுக்குப் பொருள் உண்டு. கழித்தல் 71 என்றால் கருவி சொன்னது விதிமுறைப்படி இல்லை, வழியில் குழம்பிவிட்டது. கழித்தல் 110 என்றால் கேட்ட கேள்விக்குக் குறித்த நேரத்தில் பதில் வரவில்லை. இரண்டும் டிரைவர் பிழை என்று அர்த்தமல்ல. பெரும்பாலும் கேபிள், தொடுமுனை, மின்சாரம் ஆகியவற்றில் ஏதோ ஒன்று ஆட்டம் காண்கிறது என்றே அர்த்தம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். துண்டிக்கப்பட்டது ஒரு கருவி மட்டுமா, அட்டை முழுவதுமா? அதே அட்டையில் செருகியிருந்த மவுஸ் அந்த நேரத்திலும் வேலை செய்தது. ஆகவே சிப் உயிரோடு இருக்கிறது. கொஞ்சம் மின்சாரம் தின்னும் மவுஸ் பிழைக்கிறது. அதிகம் தின்னும் வன்தட்டு விழுகிறது. வன்தட்டில் காதை வைத்துக் கேட்டேன். துண்டிக்கும் நேரத்தில் "டிக்" என்ற சத்தம், பிறகு மோட்டார் புதிதாகச் சுழலத் தொடங்கும் சத்தம். கரண்ட் குறையும்போது ஊரில் மின்விசிறி சோர்ந்து திரும்ப எழும்புமே, அதே கதைதான்.

முதற் பழுது: மின்சாரம்

கணக்கைப் பார்ப்போம். யூ.எஸ்.பி. 2.0 துளை ஒன்று 5 வோல்ட்டில் 500 மில்லிஅம்பியர் தரவேண்டும். 3.0 துளை 900 மில்லிஅம்பியர், அதாவது 4.5 வாட். நான்கு துளைக்கும் சேர்த்து 18 வாட். ஆனால் இந்த அட்டை இருக்கும் மிகச் சிறிய பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் செருகுவாயில், கணினி எழும்பும் நேரத்தில் அட்டைக்கு உறுதியாக உள்ளது 10 வாட் மட்டுமே. மிச்சத்தை எங்கே எடுப்பது?

அதற்காகத்தான் இந்த அட்டைகள் பலவற்றின் பின்புறத்தில் தனி மின் இணைப்பு வைத்திருப்பார்கள். சிலவற்றில் சாட்டா வன்தட்டுக்குப் போகும் தட்டையான இணைப்பு. சிலவற்றில் மஞ்சள், சிவப்பு, இரண்டு கறுப்பு வயர் கொண்ட பழைய நாலு கால் இணைப்பு. எங்கள் அட்டையிலும் அது இருந்தது. அன்று பெட்டியில் மிச்ச இணைப்பு எதுவும் கைக்கு எட்டவில்லை. "மவுஸ் வேலை செய்யுதுதானே" என்று நான்தான் அதைச் சும்மா விட்டேன். குற்றவாளி வேறு யாருமில்லை.

சந்தேகத்தை உறுதிப்படுத்த ஒரு சுலபமான வழி இருந்தது. தனக்கென்று மின் அடப்டர் உள்ள ஹப் ஒன்றை அட்டைக்கும் வன்தட்டுக்கும் நடுவில் போட்டேன். மீளத் தொடக்கும் வரிகள் நின்றுவிட்டன. பிறகு கணினியை நிறுத்தி, வயரைக் கழற்றி, பெட்டியின் வெற்று உலோகத்தைத் தொட்டு உடம்பில் உள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொண்டு, பவர் சப்ளையில் இருந்து நேராக வரும் இணைப்பு ஒன்றை அட்டைக்குக் கொடுத்தேன். ஹப்பை எடுத்த பிறகும் வன்தட்டு நின்றுபிடித்தது.

ஓர் எச்சரிக்கை. நாலு கால் இணைப்பைச் சாட்டா இணைப்பாக மாற்றும் மலிவு வயர்கள் கடைகளில் கிடைக்கும். அவற்றில் வயரின் மேல் பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த வகை தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு. முடிந்தவரை பவர் சப்ளையின் சொந்த வயரையே பாவியுங்கள்.

இரண்டாவது பழுது: தூங்கிப்போன இணைப்பு

பழுது தீர்ந்தது என்று நினைத்தேன். அன்று இரவு 200 கிகாபைட் கோப்புகளை அனுப்பவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்தால் மறுபடி வன்தட்டு இல்லை. ஆனால் இம்முறை நாட்குறிப்பில் வேறு வரி. எக்ஸ்.எச்.சி.ஐ. கட்டுப்படுத்தி பதில் சொல்லவில்லை, இறந்துவிட்டதாகக் கொள்கிறேன் என்று கேர்னல் எழுதியிருந்தது. மவுசும் அசையவில்லை. இந்த முறை விழுந்தது அட்டை முழுவதும்.

ஒரே முறைப்பாடு, ஆனால் வேறு பழுது. நாட்குறிப்பை வாசித்திராவிட்டால் "மின் இணைப்புக் கொடுத்தும் பயனில்லை" என்று அதைக் கழற்றியிருப்பேன்.

அட்டை முழுவதும் விழுந்தால் வாய்க்காலில் ஒரு படி பின்னே போக வேண்டும். அட்டைக்கும் தாய்ப்பலகைக்கும் இடையிலான இணைப்பு. இந்த பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் இணைப்புக்கு ஏ.எஸ்.பி.எம். என்ற மின்சேமிப்பு வழக்கம் ஒன்று உண்டு. சிறிது நேரம் போக்குவரத்து இல்லை என்றால் இணைப்பு அரைத்தூக்கத்துக்குப் போகும். வேலை வந்தால் விழிக்க வேண்டும். சில தாய்ப்பலகையும் சில அட்டையும் சேர்ந்தால் விழிப்பு சரியாக நடப்பதில்லை.

இதைச் சோதிக்க எதையும் நிரந்தரமாக மாற்ற வேண்டியதில்லை. கணினி எழும்பும்போது வரும் கிரப் பட்டியலில் ஈ என்ற எழுத்தை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு, பி.சி.ஐ.ஈ., அடிக்கோடு, ஏ.எஸ்.பி.எம்., சமன் குறி, ஓ.எஃப்.எஃப். என்று சின்ன எழுத்தில், புள்ளியும் இடைவெளியும் இல்லாமல் சேர்த்து, எஃப் 10 ஐ அழுத்தினேன். அந்த ஒரு தடவைக்கு மட்டும் கேர்னல் இந்த மின்சேமிப்பைக் கையாளாது.

மறுபடி 200 கிகாபைட். காலை வரை ஓடி முடிந்தது. அடுத்த நாள் மின்சேமிப்பைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். இரவிலேயே அட்டை விழுந்தது. மறுநாள் நிறுத்தினேன், ஓடியது. நோயைத் திரும்ப வரவழைத்து, திரும்பப் போக்கிக் காட்டினால்தான் மருந்து அதுதான் என்று சொல்லலாம். ஒரு தடவை சரியாக ஓடியதை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. அதன் பிறகே கிரப்பின் அமைப்புக் கோப்பில் நிரந்தரமாக எழுதினேன்.

உங்கள் வீட்டில் காரணம் வேறாக இருக்கலாம்

எல்லாருக்கும் இதே மருந்து என்று எண்ணாதீர்கள். வேறு சில காரணங்களையும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பெரிய கோப்பு அனுப்பும்போது மட்டும், ஒரு குறிப்பிட்ட வன்தட்டுப் பெட்டி மட்டும் மீளத் தொடங்கினால், யூ.ஏ.எஸ். என்ற வேகமான பரிமாற்ற முறை அந்தப் பெட்டிக்கு ஒத்துவராமல் இருக்கலாம். அந்தப் பெட்டிக்கு மட்டும் பழைய முறையைப் பாவிக்கும்படி கேர்னலுக்குச் சொல்ல வழியுண்டு.

சும்மா இருந்துவிட்டுத் தொடும்போது கருவி விழிக்காவிட்டால், யூ.எஸ்.பி.யின் தானியங்கித் தூக்கத்தைச் சந்தேகியுங்கள். இது பி.சி.ஐ. இணைப்பின் தூக்கத்தில் இருந்து வேறானது. இதையும் தனியாக நிறுத்தலாம்.

நாட்குறிப்பில் ஐ.ஓ.எம்.எம்.யூ. என்ற பெயருடன் நினைவக முகவரிப் பிழைகள் வந்தால், பயொஸில் அந்த அமைப்பை மாற்றிப் பார்க்க வேண்டும்.

வேகம் குறைவு என்பது மட்டும் முறைப்பாடு என்றால் அது பழுதாக இராமலும் போகலாம். முதற் தலைமுறை பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் செருகுவாயின் ஒற்றை வழியில் செக்கனுக்கு 250 மெகாபைட்தான் போகும். இரண்டாம் தலைமுறையில் 500. பழைய கணினியில் புது அட்டையைப் போட்டால் ஒழுங்கை அகலத்துக்குத்தான் வண்டி ஓடும்.

ஒலிப்பதிவு செய்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். வன்தட்டுக்குப் போகும் தரவு வழியில் கெட்டால் யூ.எஸ்.பி. அதைத் திரும்ப அனுப்பும். ஆனால் ஒலிக் கருவியில் இருந்து வரும் தரவு நேரத்துக்கு வரவேண்டும் என்பதால் திரும்ப அனுப்பப்படுவதில்லை. கெட்டது கெட்டதுதான். பதிவில் "டிக்" என்ற ஒலியாகவோ ஒரு சிறு வெறுமையாகவோ அது நின்றுவிடும். ஆகவே ஒலிக் கருவியைத் தாய்ப்பலகையின் சொந்தத் துளையிலேயே செருகுங்கள். 48,000 மாதிரி, 24 பிட், இரு வழி ஒலிக்குச் செக்கனுக்கு 2.3 மெகாபிட் போதும். பழைய 2.0 துளைக்கு அது ஒரு பாரமே அல்ல.

அலுமாரியில் இருந்த வன்தட்டு

பழுது பிடிபட்ட பிறகுதான் அந்த வன்தட்டை வெளியே எடுத்தேன். அதைக் கணினி எழுதத் தொடாதபடி வைத்துக்கொண்டு, முதலில் ஜி.என்.யூ. டிடிரெஸ்கியூ என்ற மென்பொருளால் முழு வன்தட்டுக்கும் ஒரு பிரதி எடுத்தேன். திருத்த வேலை எல்லாம் அந்தப் பிரதியில்தான்.

கோப்பு இருந்தது. ஏறக்குறைய 535 மெகாபைட். ஆனால் திறந்தால் வெற்றுக் கோப்பு என்றது. காரணம் இதுதான். வேவ் கோப்பின் தொடக்கத்தில் தலைப்பு ஒன்று உண்டு. ஒலி எவ்வளவு நீளம் என்று அதில் எழுதியிருக்கும். பதிவு முடியும்போதுதான் எங்கள் மென்பொருள் அந்த நீளத்தை எழுதும். எங்கள் பதிவு முடியவே இல்லை. ஆகவே நீளம் பூச்சியம் என்றே நின்றது.

கணக்குப் போட்டேன். செக்கனுக்கு 48,000 மாதிரி, ஒவ்வொன்றும் 3 பைட், இரண்டு வழி. செக்கனுக்கு 288,000 பைட். 535 மெகாபைட் என்றால் 31 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒலி உள்ளே இருக்கத்தான் வேண்டும். ஓடாசிற்றி மென்பொருளில், தலைப்பைப் பாராமல் வெறும் தரவாக இறக்கும் வசதி உண்டு. அப்படி இறக்கினேன். காது கிழியும் இரைச்சல் மட்டும் வந்தது.

அரை மணி நேரம் தலையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு யோசித்தேன். தலைப்பு 44 பைட். ஒவ்வொரு மாதிரியும் 3 பைட். 44 ஐ மூன்றால் பிரித்தால் இரண்டு மிஞ்சும். ஆகவே ஒவ்வொரு மாதிரியும் பிழையான இடத்தில் வெட்டுப்பட்டு வாசிக்கப்படுகிறது. முதல் 44 பைட்டைத் தவிர்த்துவிட்டுத் தொடங்கு என்று சொல்லி மறுபடி இறக்கினேன்.

குரல் வந்தது.

எழுத வேண்டியதை லினக்ஸ் சில செக்கன்கள், சில வேளை அரை நிமிடம் வரை, நினைவில் வைத்திருந்தே வன்தட்டில் எழுதும். அந்தக் கடைசித் துண்டு மட்டும் போயிருந்தது. நாடாவில் அந்த இடம் பழுதில்லை. கசெற்றை வேறு கூட்டுக்கு மாற்றி, கசங்கிய இடத்தைக் கையால் சுற்றிக் கடந்து, நல்ல பிளேயர் ஒன்றில் போட்டு மிச்ச நிமிடங்களைப் பதிந்தேன். இம்முறை கணினியின் உள் வன்தட்டில். இரண்டையும் ஒட்டினேன். பக்கம் முழுமையாயிற்று. பிறகு இரண்டு பிரதிகள் எடுத்து, ஷா-256 என்ற கூட்டிலக்கத்தை ஒப்பிட்டு, மூன்றும் ஒன்றே என்று உறுதிப்படுத்திக்கொண்டேன்.

நாடா கசங்கிய அந்த நிமிடங்களில் அப்படி என்ன இருந்தது என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை. வெங்காயம் நட்டது, மழை பிந்தியது, பக்கத்து வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கியது. அந்த அண்ணை நிலையத்துக்கு வந்து கேட்டபோது நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். நாடாவைக் கசக்கியது என் அவசரம்தான் என்றும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த வெங்காயக் கதையை இன்னொருக்காப் போடுங்கோ தம்பி" என்றார்.

சுருக்கமாக

1. பெறுமதியான பதிவை முதலில் உள் வன்தட்டில் செய்யுங்கள். வெளி வன்தட்டு பிரதிக்கு மட்டும்.

2. பழுது வந்ததும் அந்த வன்தட்டை ஒதுக்கி வையுங்கள். அதில் எழுதவோ அதை ஃபோர்மற் செய்யவோ வேண்டாம்.

3. அட்டை தெரிகிறதா, டிரைவர் பிடித்திருக்கிறதா, வேகம் சரியா, நாட்குறிப்பு என்ன சொல்கிறது என்ற ஒழுங்கில் நடந்து பாருங்கள்.

4. ஒரு கருவி மட்டும் விழுந்தால் கேபிளையும் மின்சாரத்தையும் பாருங்கள். அட்டை முழுவதும் விழுந்தால் செருகுவாயையும் மின்சேமிப்பையும் பாருங்கள்.

5. அட்டையில் தனி மின் இணைப்பு இருந்தால் அதைக் கட்டாயம் கொடுங்கள்.

6. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். செய்ததை ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

எங்கள் கணினியின் பக்கத்தில் இப்போது ஒரு கொப்பி தொங்குகிறது. அதன் முதற் பக்கத்தில் அட்டையின் மின் இணைப்பு என்று சிவப்புப் பேனையால் எழுதி வைத்திருக்கிறேன். கசெற்றுகளைத் தந்துவிட்டுக் காத்திருக்கும் நேயர்களுக்கு ஒரு சொல். உங்கள் முறை வருகிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இனிமேல் அவசரப்படுவதாக இல்லை.

அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம். வணக்கம்.